விஞ்ஞானிகள் தாங்களே விண்கலத் திட்டம் எழுத ஒரு சின்ன நிரல்மொழி: எங்கிருந்து தொடங்குவது?

சென்னிமலைத்தறி கேட்டது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. ஒன்றரை வருடமாக சனி, ஞாயிறுகளில் ஒரு கல்லூரி இயற்பியல் துறையின் சிறு செயற்கைக்கோள் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறேன். கோள் இன்னும் மேலே போகவில்லை. மேசை மேல் ஒரு மாதிரியும், கணினிக்குள் ஓடும் ஒரு பாவனைக் கலமும்தான் இப்போதைக்கு எங்களிடம் இருப்பவை. கருவி ஒரு நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பது. பகல் பக்கத்து வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்க வேண்டும்.

வாரா வாரம் பேராசிரியர்கள் ஒரு எக்செல் தாளில் திட்டம் எழுதித் தருவார்கள்: கருவியை எப்போது திறப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு நேரம். அதை நான் கட்டளை வரிசையாக மாற்றுவேன். போன மாத ஒத்திகையில் ஒரு கட்டத்தில் 06:10 என்று இருந்தது. எழுதிய பேராசிரியர் அம்மா நினைத்தது இந்திய நேரம். நான் எடுத்துக்கொண்டது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேர வித்தியாசம். 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று போகும் கலத்துக்கு அது ஏறக்குறைய மூன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுதான் கெடுத்தது. பகலைப் பார்க்க வேண்டிய கருவி, வாரம் முழுக்க இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாவனைதான், நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்குள்ளேயே நிற்கிறது. "நான் எழுதினது தப்பா, நீ படிச்சது தப்பா?" அவர் எழுதியதும் சரி, நான் படித்ததும் சரி. அந்தத் தாளில் அவர் மனதில் இருந்ததைச் சொல்ல இடமே இல்லை.

என் அப்பா கைத்தறியில் ஜக்கார்டு பெட்ஷீட் நெய்தவர். டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். ஒரு ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) ஓர் அட்டை. ஒரு துளை தவறினால் அந்தத் தவறு டிசைன் திரும்பி வரும் இடத்திலெல்லாம் வந்து நிற்கும். அப்பா துளையைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க மாட்டார். கட்டத் தாளைத்தான் பார்ப்பார். பூ அவருக்குப் பூவாகத் தெரிவது அந்தத் தாளில்தான். எங்கள் பேராசிரியர்களுக்கும் அப்படி ஒரு கட்டத் தாள் வேண்டும். அவர்களே எழுதி, அவர்களே படித்து, பிழை இருந்தால் அவர்கள் கண்ணிலேயே பட வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன மொழி செய்யலாம் என்று இருக்கிறேன். புது மொழியா, பைத்தானில் ஒரு நூலகம் போதுமா? சொற்கள் தமிழிலா, ஆங்கிலத்திலா? எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம். சுழற்சி, மாறிகள் எல்லாம் வேண்டுமா? விண்வெளி தெரிந்தவர்கள் மட்டும் என்றில்லை, வேறு எந்தத் தொழிலிலாவது இப்படிச் சின்ன மொழியோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை (திருப்பூர்):

புது மொழி வேண்டாம் என்பது என் கருத்து. மொழி எழுதுவது ஒரு மாத வேலை. அதைக் காப்பாற்றுவது பத்து வருட வேலை. எடிட்டர், ஆவணம், பிழை தேடும் கருவி எல்லாமே நீங்களே செய்ய வேண்டும். நாளைக்கு நீங்கள் வேலை மாறி பெங்களூரு போய்விட்டால் அந்தக் கல்லூரியில் யார் பார்ப்பார்கள்?

பைத்தானிலேயே வேண்டியது நிறைய இருக்கிறது. வானியலாளர்கள் பயன்படுத்தும் ஆஸ்ட்ரோபையில் எண்ணோடு அலகைச் சேர்த்தே வைக்கலாம். நேரத்துக்கு எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்தே வைக்கலாம். கிலோமீட்டரையும் விநாடியையும் கூட்டப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் கோள்களுக்குப் போகும் கலங்களுக்குப் பாதை கணக்கிட மான்டே என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். உள்ளே கனமான கணக்கெல்லாம் சி++. ஆனால் பொறியாளர்கள் அதோடு பேசுவது பைத்தானில். அவ்வளவு பெரிய இடத்திலேயே தனி மொழி செய்யாமல், ஊருக்கெல்லாம் தெரிந்த மொழியைத்தான் வாசலாக வைத்தார்கள். பேராசிரியர்களுக்குப் பைத்தான் கொஞ்சமாவது தெரிந்திருக்கும்தானே?

---

கணபதிப்பட்டறை (கோவை):

அம்மிணி, நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லீங்க. ஐடிஐ முடிச்சு 26 வருசமா மிசின் முன்னாடி நிக்கறவன். கணபதியில ரெண்டு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத் போட்டு ஜாப் வொர்க் பண்றனுங்க. எல்லாம் புரோகிராம் படி தானா இரும்பு வெட்டற மிசினுங்க. பம்ப் பாகம், வால்வு பாடி இந்த மாதிரி. உங்க கேள்விய மகன் காமிச்சான். ரெண்டு நாள் ரோசனை பண்ணிப்போட்டுத்தான் எழுதறனுங்க.

நீங்க கேக்கற சின்ன மொழி எங்க பட்டறையில தெனமும் ஓடுதுங்க. ஜி கோடுன்னு பேரு. அதை எழுதறவன் புரோகிராமர் இல்லை, மிசினை வேலைக்குத் தயார் பண்ற செட்டர். பத்தாவது படிச்ச பையன் மூணு மாசத்துல கத்துக்கறான். ஏன்னா அதுல இருக்கற வார்த்தையெல்லாம் அவன் கையில செய்யற வேலைதான். வேகமா நகரு, வெட்டிக்கிட்டே நகரு, டூலை மாத்து, கூலன்ட் போடு. இது முதல் விசயம். உங்க வாத்தியாருக கையில என்ன செய்யறாங்களோ, வாயில என்ன சொல்றாங்களோ, அந்த வார்த்தை அந்த மொழியில இருக்கோணும். "கருவியத் தொற", "கீழ பாரு", "சூரியன் பக்கம் திரும்பாதே". அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டியதில்லீங்க.

ஜி கோடுல ஒரு நல்லது இருக்குது. எண்ணு தனியா வராது, முன்னாடி ஒரு எழுத்து வந்தே தீரோணும். எக்ஸ் 50., ஒய் 20., எஃப் 120. எழுத்தைப் பாத்தாத் தெரிஞ்சுபோகும் இது எந்தப் பக்கம் நகர்ற தூரம், இது வெட்டற வேகம்னு. எக்ஸை முன்னாடி எழுதினாலும் ஒய்யை முன்னாடி எழுதினாலும் மிசின் ஒரே எடத்துக்குத்தான் போகும். எது முதல்ல எது ரெண்டாவதுன்னு ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை. இதை அப்படியே எடுத்துக்கங்க.

இப்ப கெட்டதச் சொல்றேன், அதுக்காகத்தான் எழுதவே வந்தனுங்க.

ஜி கோடுல ஜி90 போட்டா, அதுக்கப்புறம் வர்ற எண்ணெல்லாம் ஜாப் ஜீரோவுல இருந்து அளக்கற தூரம். ஜி91 போட்டா, இப்ப நிக்கற எடத்துல இருந்து எவ்வளவு நகரோணும்னு அர்த்தம். ஒரு தடவை போட்டாப் போதும், மாத்தற வரைக்கும் அதேதான். மோடல்னு சொல்லுவோம். ஜி20ன்னா இஞ்ச், ஜி21ன்னா மில்லிமீட்டர், அதுவும் இப்படித்தான். எழுதறப்ப சுருக்கமா சொகமா இருக்கும். ஆனா "இசட் -20." அப்படின்னு ஒரு வரியத் தனியாப் பாத்தா அது என்ன சொல்லுதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அம்பது வரிக்கு மேல எவனோ என்ன எழுதி வெச்சான்னு தேடிப் பாக்கோணும்.

நான் வேலை கத்துக்கிட்ட பட்டறையில, ரெண்டாவது வருசம். ஒரு பிளேட்டுல வரிசையா ஓட்டை போடற ஜாப். ஓட்டை போடற சப் புரோகிராம் ஜி91ல எழுதியிருந்துச்சு. நடுவுல டிரில் மழுங்கின சத்தம் கேட்டு மிசினை நிறுத்தினேன். டிரிலை மாத்திப்போட்டு, மெயின் புரோகிராம்ல நடுவுல ஒரு வரியில இருந்து மறுபடி ஓட்டினேன். ஜி90 மேல முதல் வரியில மட்டும்தான் இருந்துச்சு. அந்த வரிய நான் தாண்டி வந்துட்டேன். மிசின் இன்னும் ஜி91லயே நின்னுட்டு இருந்துச்சு. அடுத்த இசட் வரி வந்ததும் டிரில் பிளேட்டைத் தாண்டி, அதைப் புடிச்சு வெச்சிருந்த வைஸுக்குள்ள எறங்கிப்போச்சுங்க. டிரில் ஒடஞ்சது போகட்டும், வைஸ்ல விழுந்த பள்ளம் நான் அங்க இருந்த வரைக்கும் அப்படியே இருந்துச்சு. புரோகிராம்ல ஒரு எழுத்துத் தப்பு இல்லீங்க. நான் போட்ட டிரில்லுந் தப்பு இல்லை. வரிக்கு அர்த்தம் வேற எங்கயோ இருந்துச்சு, அதுதான் தப்பு.

அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் என்ற பட்டறையில ஒவ்வொரு டூல் ஆரம்பிக்கற எடத்துலயும் ஜி21, ஜி90, ஜி54 எல்லாத்தையும் திருப்பி எழுதோணும். சேஃப்டி லைன்னு பேரு. புதுப் பையனுக "எதுக்குண்ணா மறுபடி மறுபடி"ன்னு கேப்பானுக. எழுதுடான்னு சொல்லிப்போடுவேன்.

புள்ளி விசயம் ஒண்ணு. பல கன்ட்ரோல்ல எக்ஸ் 100.ன்னு புள்ளி வெச்சா நூறு மில்லிமீட்டர். புள்ளிய மறந்துட்டு எக்ஸ் 100ன்னு விட்டா நூறு மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர். மிசின் ஒண்ணுஞ் சொல்லாது, செஞ்சுபோடும். ஒரு மொழியில ஒரு புள்ளிக்கு ஆயிரம் மடங்கு அர்த்தம் மாறுதுன்னா, அது எழுதறவன் தப்பா, மொழியச் செஞ்சவன் தப்பா? உங்க வாத்தியாரம்மா கேட்ட கேள்விக்கு என்ற பதில் இதுதானுங்க. சந்தேகம் வந்தா மிசின் நின்னு கேக்கோணும். தானா ஒண்ண நெனச்சுக்கக் கூடாது.

அப்புறம் ஜி54. மிசினுக்குன்னு ஒரு ஜீரோ இருக்குது, ஜாப்புக்குன்னு ஒரு ஜீரோ நாம வெக்கறோம். ஜி54, ஜி55ன்னு ஆறு ஜீரோ வெச்சுக்கலாம். எந்த ஜீரோவுல இருந்து அளக்கறோம்னு சொல்லாம எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆகாசத்துலயும் இப்படி ஏதோ இருக்குந்தானுங்களே?

---

கோபிவயல் (கோபிசெட்டிபாளையம்):

பட்டறைக்காரருக்கு முதலில் என் வணக்கம். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது ஊரில் நெல்லும் மஞ்சளும் பார்க்கிறேன். அவர் வைஸில் விழுந்த பள்ளத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு 1999 ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அந்த வருடம் செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. தரையில் ஓடிய ஒரு நிரல், சிறு உந்துகைகளின் அளவை பவுண்டு-விசை விநாடியில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிப் பாதையைக் கணக்கிட்டவர்கள் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு மற்றொன்று 4.45 மடங்கு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைச் சுற்றி வளைய வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. கோப்பில் இருந்தவை வெறும் எண்கள். அந்தக் கோப்பின் அர்த்தம் வேறொரு ஆவணத்தில், வேறொரு அலமாரியில் இருந்தது. பட்டறைக்காரர் சொன்ன அதே நோய்தான்.

அவர் கேட்ட ஜீரோவுக்குப் பதில்: ஆமாங்க, ஆகாசத்தில் இன்னும் மோசம். பூமியோடு சேர்ந்து சுழலும் ஆய அச்சு ஒன்று, விண்மீன்களோடு நிலையாக நிற்பது ஒன்று, கலத்தின் உடம்போடு ஒட்டியது ஒன்று, நிலவுக்குப் போனால் நிலவோடு சுழல்வது ஒன்று. "வடக்கே பார்" என்றால் எந்த வடக்கு? கோள்களின் இருப்பிடத்தைத் தருவதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஸ்பைஸ் மென்பொருளில், ஒரு கோள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்த ஆய அச்சில் வேண்டும் என்று பேர் சொல்லித்தான் கேட்க முடியும். சொல்லாமல் விட வழியே கிடையாது. நல்ல பழக்கம்.

நேரத்திலும் இன்னொரு குழி இருக்கிறது தங்கச்சி. ஐந்தரை மணி நேரம் தவறினால் கண்ணுக்குத் தெரியும். 69 விநாடி தெரியாது. கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடப் பயன்படும் நேரத்துக்கும் யுடிசிக்கும் இடையே 2017 தொடக்கத்தில் இருந்து 69.184 விநாடி வித்தியாசம். அணுக் கடிகாரத்தைவிட யுடிசி 37 விநாடி பின்தங்கி இருக்கிறது, அதோடு 32.184 விநாடி நிலையான இடைவெளி. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகும் உங்கள் கலம் அந்த நேரத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கோவையில் இருந்து சென்னைக்குப் போகிற தூரம். வரைபடத்தில் பார்த்தால் "ஏதோ கொஞ்சம் தள்ளி இருக்கிறதே" என்று தோன்றும், அவ்வளவுதான். ஆகவே நேரம் என்று எழுதினால் எந்தக் கடிகாரம் என்பது அந்தச் சொல்லோடு ஒட்டியே இருக்க வேண்டும். "நாள்" என்ற சொல்லைக்கூட நம்பாதீர்கள். செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. 2004-ல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளுக்குத் தினமும் திட்டம் போட்டவர்கள் முதல் சில மாதம் அந்த நாளுக்கே தூங்கி எழுந்தார்கள். நிலவில் ஒரு பகல் நமக்கு ஏறக்குறைய 14 நாள்.

பட்டறைக்காரரோடு எனக்கு ஓர் இடத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. எல்லாவற்றையும் எல்லா வரியிலும் எழுதச் சொன்னால் விஞ்ஞானி களைத்துவிடுவார். பிறகு பழைய தாளில் இருந்து வெட்டி ஒட்ட ஆரம்பிப்பார். ஒட்டிய வரியை யாரும் படிப்பதில்லை, அங்கேதான் அடுத்த பிழை உட்கார்ந்திருக்கும்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அமெரிக்க விண்ணோடத்துக்கு என்றே 1970-களில் ஹால்/எஸ் என்று ஒரு மொழி செய்தார்கள். 1981 ஏப்ரல் 12 அன்று முதல் விண்ணோடம் பறந்தபோது அதன் பறப்பு நிரல் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருந்தது. கணிதத்தைக் காகிதத்தில் எழுதுவது போலவே எழுதலாம்: அடுக்குக் குறி மேல் வரியில், அடிக்குறி கீழ் வரியில், சமன்பாடு நடுவில். எனக்குப் பிடித்தது இன்னொன்று. எழுதியவர் சாதாரணமாக எழுதிக் கொடுத்தால், தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அச்சிட்டுத் திருப்பித் தரும் பட்டியலில் திசையன்களுக்கு மேல் கோடும், அணிகளுக்கு மேல் நட்சத்திரமும் தானே போட்டுத் தரும். எழுதும்போது சுருக்கம், படிக்கும்போது முழுமை. நீ எழுதியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன் என்று இயந்திரம் திருப்பிச் சொல்கிறது.

அந்த மேல்கோட்டின் அருமை தெரிந்துதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். 1962 ஜூலை 22-ல் வெள்ளிக்குப் புறப்பட்ட மாரினர் 1 தடம் மாறி, 293 விநாடியில் தரையில் இருந்தே அழிக்கப்பட்டது. வழிகாட்டும் சமன்பாட்டைக் கையால் பெயர்த்து எழுதியபோது ஒரு குறியின் மேல் இருந்த கோடு விட்டுப்போயிருந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு இடம் பார்க்கத் தெரியாது. பட்டறைக்காரர் சொன்ன தசமப் புள்ளி போல ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியிலும் ஒன்று இருந்தது. சுழற்சி எழுதும் வரியில் 1,10 என்பதற்குப் பதில் 1.10 என்று ஒரு புள்ளி விழுந்தால் சுழற்சி மறைந்து, யாருக்கும் வேண்டாத ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வரியாக மாறிவிடும். மனிதரை விண்ணுக்கு அனுப்பிய அமெரிக்காவின் மெர்க்குரித் திட்டக் காலத்துச் சுற்றுப்பாதை நிரலில் அப்படி ஒன்று இருந்து பிடிபட்டது. பலர் இதையும் மாரினரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு.

அதிகாரம் எவ்வளவு என்று கேட்டீர்கள். கலத்தின் பாதையைத் திட்டமிடும் நாசாவின் ஜிமேட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கி அதன் எழுத்துநடையைப் பாருங்கள். கலத்தை எந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுத "எதை மாற்றிப் பார்க்கலாம்", "எதை எட்ட வேண்டும்" என்று இரண்டு கட்டளை. நடுவில் கணக்கு அதன் பாடு. விஞ்ஞானி யோசிப்பதும் அப்படித்தான். வழியைச் சொல்ல மாட்டார், விருப்பத்தையும் தடையையும் சொல்வார். உங்கள் மொழியில் சுழற்சி வேண்டாம். "சூரியனுக்கு 40 பாகைக்குள் திரும்பாதே", "பேட்டரி இத்தனைக்குக் கீழே போகக் கூடாது" என்ற மாதிரித் தடைகளை எழுத இடம் கொடுங்கள்.

---

சென்னிமலைத்தறி:

படித்துவிட்டு அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். "ஒவ்வொரு டூலுக்கும் திருப்பி எழுதோணும்" என்ற இடத்தில் அவர் தலையசைத்தார்.

நொய்யல்கரை அண்ணா, பைத்தான் நூலகம் முதலில் முயன்றேன். கணக்கு எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஒரு பேராசிரியர் அலகை விட்டுவிட்டபோது திரையில் நாற்பது வரிப் பிழைச் செய்தி வந்தது. அதில் அவர் எழுதிய வரி கடைசியில் எங்கோ இருந்தது, மீதி எல்லாம் நூலகத்துக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள். அவர் மடிக்கணினியை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்த மூடுகிற கணத்தைத்தான் நான் தவிர்க்கப் பார்க்கிறேன். உங்கள் கவலையும் நியாயம். அதனால் உள்ளே பைத்தானும் ஆஸ்ட்ரோபையும் இருக்கட்டும், மேலே சின்னதாக ஒரு மொழி மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் போனாலும் பைத்தான் தெரிந்தவர் எடுத்து நடத்தலாம்.

கணபதிப்பட்டறை அண்ணா, உங்கள் எக்ஸ், ஒய், எஃப் எழுத்துகளைப் படித்ததும் எனக்குப் பள்ளியில் படித்த வேற்றுமை உருபு ஞாபகம் வந்தது. "கருவியை 300 விநாடிக்கு நேர்கீழாகத் திற" என்பதில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் எது எதற்கு என்று உருபு சொல்லிவிடும். எண்ணுக்கு முன் எழுத்து போல, நமக்குச் சொல்லுக்குப் பின் உருபு. தமிழில் எழுதினால் கட்டளைகளின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி "ஆனால்" என்பதைப் பிறகு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்; நாம் பேசுகிற வரிசை அது. குழுவில் மலையாளம், தெலுங்கு பேசுகிற மாணவர்களும் இருக்கிறார்கள், ஆகவே ஆங்கிலச் சொற்களும் ஏற்கப்படும். பேராசிரியர் அம்மா தமிழில்தான் எழுதுவேன் என்கிறார்.

கோபி ஐயா, திருப்பிச் சொல்வது பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

---

சித்தம்பூண்டிவாசி (நாமக்கல்):

நான் பள்ளி ஆசிரியர், நிரல் எழுதத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்ல ஆசை. எங்கள் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தசைட் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான் தரையிறங்கி, ஊர்தி ஆகியவற்றைச் சோதிக்க நிலவு மண் போன்ற மண் செய்தார்கள். நிலவின் மேட்டுநிலப் பாறையோடு இந்தப் பாறை ஒத்துப்போகிறது. மாணவர்களை அந்தப் பாறையிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். கலத்துக்கு ஓடிப் பார்க்க ஒரு மண் கிடைத்தது போல, திட்டத்துக்கும் ஓடிப் பார்க்க ஒரு மண் அந்த மொழிக்குள்ளேயே இருக்குமா?

---

கணபதிப்பட்டறை:

வாத்தியாரு சரியாக் கேட்டாருங்க. எங்களுக்கு டிரை ரன்னு இருக்குது, ஜாப் இல்லாம காத்துல ஓட்டிப் பாக்கறது. சிங்கிள் பிளாக்குன்னு ஒரு சுவிச்சு. போட்டா ஒரு வரி ஓடி நின்னுக்கும். பட்டன் அமுத்தினாத்தான் அடுத்த வரி. நிக்கறப்ப இன்னும் எவ்வளவு தூரம் போகோணும்னு திரையில காமிக்கும். புது புரோகிராமுக்கு முதல் பீஸ் இப்படித்தான், என்ன அவசரமா இருந்தாலுஞ் செரி. கோபி ஐயா சொன்ன திருப்பிச் சொல்ற விசயம் எனக்குப் புடிச்சிருக்குதுங்க. எழுதறது சுருக்கம், படிக்கறது முழுசுன்னா நானும் ஒத்துக்கறேன்.

---

சென்னிமலைத்தறி (மூன்று வாரம் கழித்து):

முதல் வடிவம் ஓடுகிறது. பேராசிரியர் அம்மா தானே எழுதிய முதல் திட்டத்தில் இருந்து ஒரு பகுதி:

நிறமாலைமானியைத் திற
  நேரம் 2025-02-08 06:10:00 இந்திய நேரம்
  நீளம் 300
  திசை நேர்கீழ், பூமி அச்சில்
  தடை சூரியனுக்கு 40 பாகைக்குள் திரும்பாதே
  தடை பேட்டரி 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாதே

இதற்கு வந்த பதில்: "வரி 3: நீளம் 300 என்று இருக்கிறது. 300 விநாடியா, நிமிடமா? நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை." அவர் "விநாடி" என்று சேர்த்தார். பிறகு திருப்பிச் சொன்னது: "நிறமாலைமானி பிப்ரவரி 8, இந்திய நேரம் காலை 06:10:00 (யுடிசி 00:40:00) மணிக்குத் திறந்து 06:15:00 மணிக்கு மூடும். அப்போது கலம் பகல் பக்கத்தில் இருக்கும்."

"பகல் பக்கத்தில்" என்ற அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது அவர்தான். நேரத்தைவிட அதைத்தான் தன்னால் ஒரு பார்வையில் சரிபார்க்க முடியும் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அலகையும் கடிகாரத்தையும் காட்டினால் போதும் என்று இருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது தன் ஆய்வுக்குப் பொருள்படும் ஒரு சொல்.

எதிர்பாராமல் நேரம் தின்றது ஒற்று. "மானியைத் திற", "மானியை திற" இரண்டையும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சந்திப்பிழைக்காக ஒரு விஞ்ஞானியின் திட்டம் நின்றுபோகும். இப்போது இரண்டையும் வாங்கிக்கொண்டு, திருப்பிச் சொல்லும்போது ஒற்றோடு சொல்கிறது.

ஓடிப் பார்க்கும் மண்ணும் உண்டு, சித்தம்பூண்டி ஐயா. எந்தத் திட்டமும் பாவனைக் கலத்தில் வரி வரியாக ஓடிய பிறகுதான் கட்டளையாக மாறும். நேற்று அப்படி ஓடியபோது மூன்றாவது நோக்கல் தள்ளப்பட்டது. முதல் வடிவத்தில் "முடியாது" என்று மட்டும் சொன்னது. பேராசிரியர் அதை ஏற்கவில்லை, ஏன் என்று கேட்டார். இப்போது "முந்தைய நோக்கலுக்குப் பிறகு பேட்டரி 57 விழுக்காடு, உங்கள் தடை 60" என்று சொல்லும்படி மாற்றியிருக்கிறேன். அவர் தடையை 55 ஆக்கலாமா என்று மின்சக்தி பார்க்கும் மாணவியைக் கேட்டார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் பேச வேண்டியிருக்கவில்லை.

இன்னும் தீராதது, ஒரே நேரத்துக்கு இரண்டு பேராசிரியர்கள் கருவியைக் கேட்டால் யாருடையதை முதலில் வைப்பது என்பது. அதை மொழிக்குள் எழுத இடம் கொடுப்பதா, அவர்கள் பேசி முடித்துக்கொள்ள வெளியே விடுவதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கணபதிப்பட்டறை அண்ணா, பேராசிரியர் அம்மா சிங்கிள் பிளாக்கை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். ஞாயிறு பட்டறை திறந்திருக்குமா?

---

கணபதிப்பட்டறை:

பத்து மணிக்கு மேல வாங்க அம்மிணி. அப்பாவையுங் கூட்டிட்டு வாங்க. வால்வு பாடி ஒண்ணு புதுசா செட் பண்றேன், முதல் பீஸ் அன்னைக்கு ஓட்டலாமுங்க.